ஒரே ஆள் நிற்கும் பொம்மைக்கடை: கேம்ஸ் ஒர்க்‌ஷாப் பிழைத்த விதம்

2018 ஏப்ரலில் பிரிட்டனில் டாய்ஸ் ஆர் அஸ் என்ற பெரிய பொம்மைக்கடை நிறுவனம் தன் கடைசிக் கடைகளை மூடியது. அமெரிக்காவில் இருந்த அதன் கடைகளுக்கும் அந்தக் கோடையிலேயே பூட்டு விழுந்தது. 2005ல் 660 கோடி டாலருக்குக் கைமாறிய நிறுவனம் அது. வாங்கியவர்கள் அதன் தலையிலேயே ஏற்றி வைத்த கடன், ஆண்டுதோறும் வட்டியாகக் கல்லாவைக் காலி செய்துகொண்டிருந்தது. ஆன்லைன் விற்பனை பொம்மைக்கடைகளைத் தின்றுவிட்டது, இனி கடை வைத்துப் பொம்மை விற்க முடியாது என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள்.

அதே 2018ல், அதே பிரிட்டனில், வேறொரு பொம்மைக் கம்பெனியின் ஆண்டு விற்பனை கிட்டத்தட்ட 22 கோடி பவுண்டைத் தொட்டது. இரண்டு ஆண்டு முன்னால் அது 12 கோடிக்கும் கீழே. நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப்தான் அது. கட்டைவிரல் உயரத்துக்குப் பிளாஸ்டிக் சிப்பாய்களையும் அரக்கர்களையும் செய்து, தன் சொந்தக் கடைகளிலேயே விற்கிறது. கடைகள் 500க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவற்றில் வேலை செய்வது ஒரே ஒரு ஆள். 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்கள் பட்டியலில், வங்கிகளோடும் எண்ணெய்க் கம்பெனிகளோடும் இந்தப் பொம்மைக் கம்பெனியும் சேர்ந்தது.

எப்படி? இதற்குப் பல பேர் பல காரணம் சொல்கிறார்கள். கதை உலகம் பெரியது, ரசிகர்கள் வெறியர்கள், கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள் என்றெல்லாம். எல்லாமே ஓரளவு உண்மைதான். ஆனால் கடை வியாபாரம் தெரிந்தவர் கவனிக்க வேண்டியது வேறு. இந்த நிறுவனம் தன் கடையை ஆள் சேர்க்கும் இடமாகப் பார்த்தது. அப்படிப் பார்த்த காலமெல்லாம் ஜெயித்தது. அதை மறந்த இரண்டு சந்தர்ப்பங்களிலும் அடி வாங்கியது.

மரப்பலகையில் தொடங்கியது

1975ல் லண்டனில் ஒரு அடுக்குமாடி வீட்டில் மூன்று நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய தொழில் இது. இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன், ஜான் பீக். பீக்குக்கு மரவேலை வரும். பேக்கேமன், கோ, மன்காலா போன்ற பழைய விளையாட்டுகளுக்கான பலகைகளைச் செய்து விற்றார்கள். மன்காலா என்பது நம் பல்லாங்குழியின் சொந்தக்காரர்தான். குழியில் காய் போட்டு எடுக்கும் அதே குடும்பம்.

தொழிலின் திசையை மாற்றியது அமெரிக்காவிலிருந்து வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதாபாத்திரமாக நடித்து ஆடும் மாயாஜால விளையாட்டு. அப்போது அது அங்கேயே புதுசு. இவர்கள் மொத்தமாக ஆர்டர் கொடுத்தது ஆறே பிரதிகள். அதை வைத்தே ஐரோப்பா முழுவதுக்குமான விற்பனை உரிமையைப் பெற்றுவிட்டார்கள். மாயாஜால விளையாட்டில் ஆர்வமில்லாத பீக் விலகிக்கொண்டார். 1978ல் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் முதல் கடை திறந்தது. மறு ஆண்டே, பிரையன் ஆன்செல் என்பவரோடு சேர்ந்து உலோகப் பொம்மை வார்க்கும் சிட்டடெல் மினியேச்சர்ஸ் தொடங்கப்பட்டது.

இங்கேதான் முக்கியமான திருப்பம். பொம்மை வாங்குகிறவர்கள் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். கதாபாத்திரமாக நடிக்கும் விளையாட்டுக்கு ஒரு ஆளுக்கு ஒரு பொம்மை போதும். நிறைய பொம்மை தேவைப்படும் விளையாட்டு ஒன்று இருந்தால்? 1983ல் வார்ஹாமர் அப்படித்தான் பிறந்தது. அதில் ஒவ்வொருவரும் ஒரு படையே வைத்து ஆட வேண்டும். 1987ல் அதே யோசனையை விண்வெளிக்குக் கொண்டுபோன வார்ஹாமர் 40,000 வந்தது. இன்றைக்கும் கம்பெனிக்குச் சோறு போடுவதில் முதலிடம் அதற்குத்தான்.

அதற்குப் பிறகு கடைகளிலிருந்து பிறர் தயாரிப்புகள் மெல்ல மெல்ல வெளியேறின. ஐரோப்பிய உரிமை வாங்கி வளர்ந்த கடை, கடைசியில் தன் சரக்கைத் தவிர வேறெதையும் வைக்காத கடையாயிற்று. பழைய வாடிக்கையாளர்கள் பலர் மனம் வருந்தினார்கள். வியாபாரமாகப் பார்த்தால், கம்பெனி எடுத்த முடிவுகளில் இதுவே ஆக துணிச்சலானது என்பேன். வேறொருவர் தயாரித்ததை விற்கும் கடைக்காரருக்கு விலை நிர்ணயம் கையில் இல்லை. பக்கத்துக் கடை 10 சதவீதம் குறைத்தால் அவரும் குறைக்க வேண்டும். தன் சரக்கு மட்டும் என்றால் அந்தக் கவலையில் பெரும்பகுதி போய்விடும்.

1991ல் டாம் கிர்பி தலைமையில் நிர்வாகத்தினரே கம்பெனியை வாங்கினார்கள். 1994ல் பங்குச் சந்தைக்கு வந்தது.

கடைக்குள் என்ன நடக்கிறது

ஒரு கடையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பெரும்பாலும் முக்கியக் கடைத்தெருவில் இருக்காது. ஒரு திருப்பம் தள்ளி, வாடகை குறைந்த சந்தில் இருக்கும். சின்னக் கடை. சுவர் முழுக்கப் பெட்டிகள், ஒரு பக்கம் பெயின்ட் டப்பா அடுக்கு. நடுவில் மேசை. மேசைமேல் பொம்மை நகரத்தின் இடிபாடுகள், பாலம், பாறை.

பன்னிரண்டு வயதுப் பையன் அம்மாவோடு உள்ளே வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பெட்டியை எடுத்து நீட்ட மாட்டார். பெயின்ட் மேசையில் உட்கார வைத்து, ஒரு சிப்பாய்ப் பொம்மையையும் பிரஷ்ஷையும் கையில் கொடுப்பார். காசு கிடையாது. கவசத்துக்கு நீலம் பூசச் சொல்வார். சில வகைப் பெயின்ட் ஒரே பூச்சில் மேட்டில் வெளிறி, பள்ளத்தில் அடர்ந்து தானாகவே நிழல் காட்டும். 2019ல் அறிமுகமான கான்ட்ராஸ்ட் வகைப் பெயின்ட் இதற்கென்றே செய்தது. கை நடுங்கும் புதியவர் பூசினாலும் பார்க்கிற மாதிரி வந்துவிடும். காயும் நேரத்தில் பெரிய மேசைக்குக் கூட்டிப்போய், பகடை உருட்டி ஒரு சின்ன ஆட்டம். விதிகளில் பாதியை அவரே விட்டுவிடுவார். பையன் ஜெயிக்கிற மாதிரி இருந்தால் நல்லதுதான். பூசிய பொம்மையை அவன் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

அந்த அரை மணி நேரத்தில் கல்லாவில் ஒரு பவுண்டுகூட விழுந்திருக்காது. ஆனால் அம்மா பார்த்துவிட்டார்: பிள்ளை போனை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறான், கையால் ஏதோ செய்திருக்கிறான். அடுத்த முறை வரும்போது தொடக்கப் பெட்டி வாங்குவார்கள். அதில் இரண்டு சின்னப் படைகள், விதிப் புத்தகம், பகடை இருக்கும்.

வாங்கிய பொம்மையைப் பிரித்தவுடன் விளையாட முடியாது என்பதுதான் இந்தச் சரக்கின் விசேஷம். பிளாஸ்டிக் சட்டத்தில் கை, தலை, துப்பாக்கி எல்லாம் தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டரால் வெட்டி, பிசிறைச் சுரண்டி, பசை போட்டு ஒட்டி, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, பிறகு பெயின்ட் பூச வேண்டும். ஒரு பெட்டிக்குச் சில வாரங்கள் ஆகும். கட்டர், பசை, பிரஷ், பெயின்ட் எல்லாமே அதே கடையில் அதே கம்பெனிப் பெயரில். பெயின்ட் தீரும், பிரஷ் தேயும். சந்தேகம் வரும், கேட்க அதே கடைக்காரரிடம்தான் வர வேண்டும். விளையாட எதிராளி வேண்டும். அவரும் அங்கேதான் கிடைப்பார்.

சாதாரணப் பொம்மைக்கடை கிறிஸ்துமஸை நம்பி இருக்கிறது. கார் பொம்மையை வாங்கிய குழந்தை மூன்றாம் நாள் அதை மறந்துவிடும், கடையையும் மறந்துவிடும். இங்கே வாங்கியவர் மாதாமாதம் வருகிறார், சிலர் முப்பது ஆண்டுகளாக. பொம்மையைப் பாதி வேலையோடு விற்று, மீதி வேலையை வாங்கியவர் கையில் விட்டதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்று நான் நம்புகிறேன். தான் உழைத்துப் பூசிய படையை யாரும் தூக்கிப் போடுவதில்லை.

விலை மலிவல்ல. பத்து சிப்பாய் உள்ள பெட்டி ஏறத்தாழ 40 பவுண்டு. வடிவமைப்பும் தயாரிப்பும் நாட்டிங்ஹாமிலேயே. சம்பளம் மலிவான நாட்டுக்குத் தொழிற்சாலையை மாற்றவில்லை. அப்படியிருந்தும் மொத்த மார்ஜின், அதாவது விற்ற காசில் தயாரிப்புச் செலவு போக மிஞ்சுவது, 70 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அச்சு செய்வதுதான் செலவு. அச்சு ஒருமுறை தயாரானால் ஆண்டுக்கணக்கில் அதிலிருந்து பொம்மை எடுக்கலாம். பண்டிகைத் தள்ளுபடி, ஆடித் தள்ளுபடி மாதிரி எதுவும் சொந்தக் கடைகளில் கிடையாது.

முதல் அடி

2001ல் தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படம் வந்தது. அதற்கான பொம்மை உரிமை இவர்களிடம் இருந்தது. படத்தைப் பார்த்த கூட்டம் கடைக்குள் கொட்டியது. 2004ல் முடிந்த ஆண்டில் விற்பனை 15 கோடி பவுண்டைத் தாண்டியது. ஆள் சேர்த்தார்கள், செலவைக் கூட்டினார்கள்.

படங்கள் முடிந்தன. வந்த கூட்டம் வந்த வேகத்தில் போயிற்று. 2007ல் முடிந்த ஆண்டில் விற்பனை 11 கோடிக்கு இறங்கி, கம்பெனி நட்டம் காட்டியது. சுலபமான வெற்றியில் கொழுத்துச் சோம்பலாகிவிட்டோம் என்று கிர்பியே பங்குதாரர்களுக்கு எழுதினார்.

என்ன நடந்தது என்று யோசித்தால் விஷயம் எளிது. அந்தக் கூட்டத்தை மேசையில் உட்கார வைக்கத் தேவையே இருக்கவில்லை. கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தார்கள், காசு வாங்கினார்கள். கதாநாயகன் பொம்மையை ஞாபகார்த்தமாக வாங்கியவருக்கு இரண்டாவது பெட்டிக்கு அவசியமில்லை. கடைக்காரர்களுக்கும் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் விட்டுப்போயிற்று. ஏதாவது ஒரு படமோ கார்ட்டூனோ பிரபலமாகும்போது சிறப்புப் பொம்மைக்கடைகள் எல்லாவற்றுக்கும் வரும் சோதனை இது. விற்கிற நாளில் லாபம்தான். அடுத்த ஆண்டுக்கு அதை நம்பிச் சம்பளமும் வாடகையும் ஏற்றினால் ஆபத்து.

ஒரே ஆள்

நட்டத்துக்குப் பிறகு செலவைக் குறைக்கக் கண்ட வழிதான் ஒரு ஆள் கடை. மூன்று நான்கு பேர் இருந்த இடத்தில் ஒருவர். அவர்தான் மேனேஜர், அவர்தான் கல்லா, அவர்தான் தரை பெருக்குபவர், அவர்தான் பெயின்ட் வாத்தியார். வாரத்தில் இரண்டு நாள் கடை மூடியிருக்கும், அவருக்கு ஓய்வு வேண்டுமே. கடை சின்னது, சந்தும் உள்ளே தள்ளியது, ஆகவே வாடகை குறைவு. இப்படிப்பட்ட கடை சின்ன ஊரிலும் தாக்குப்பிடிக்கும்.

2014 ஜனவரியில் இது முதலில் பெரிய தோல்வி போலத் தெரிந்தது. பெரிய கடைகளை ஒரு ஆள் கடைகளாக மாற்றியதிலும் திறந்திருக்கும் நேரம் குறைந்ததிலும் விற்பனை விழுந்தது என்று கம்பெனி அறிவிக்க, ஒரே நாளில் பங்கு விலை கால்வாசி சரிந்தது.

நான் இதில் கம்பெனி பக்கம்தான் நிற்கிறேன், ஆனால் முழு மனதோடு அல்ல. ஒருவர் மட்டும் இருக்கும் கடையில் வாடிக்கையாளர் பெயர் தெரியும், அவர் எந்தப் படை சேர்க்கிறார், போன வாரம் எதில் சிக்கிக்கொண்டார் என்பதும் தெரியும். ஆளெடுக்கும்போது அனுபவத்தைவிட சுபாவத்தைப் பார்த்து எடுத்ததும் சரி. ஆனால் அந்த ஒருவருக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்த வேண்டும். காய்ச்சல் வந்தால் கடை மூடும். மேசையில் ஒரு குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுக்கும்போது கல்லாவில் நான்கு பேர் நின்றால் யாரைக் கவனிப்பது? அவர் வேலையை விட்டுப் போனால் அவரை நம்பி வந்தவர்களில் சிலரும் போய்விடுவார்கள். செலவுக் கணக்கில் இந்த முறை அழகாக இருக்கிறது. அந்த ஆளின் முதுகில் ஏறும் பாரம் கணக்கில் வருவதில்லை. நல்ல ஆண்டுகளில் லாபத்தில் ஒரு பங்கை ஊழியர் எல்லோருக்கும் ஒரே தொகையாகக் கொடுக்கிறார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 2021ல் அது தலைக்கு 5,000 பவுண்டு.

இரண்டாவது அடி, பிறகு திரும்பியது

அந்த 2010களின் தொடக்கத்தில் கம்பெனி இன்னொன்றும் செய்தது: காதைப் பொத்திக்கொண்டது. சந்தை ஆய்வு செய்ய மாட்டோம், வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்று விசாரிக்க மாட்டோம் என்று கிர்பி அறிக்கையிலேயே பெருமையாக எழுதினார். விலை ஏறிக்கொண்டே போனது. சமூக ஊடகப் பக்கங்களை மூடினார்கள். பொம்மைக்குக் கூடுதல் உறுப்புகள் செய்து விற்ற ஒரு சின்னக் கம்பெனிமேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2013ல் வந்த தீர்ப்பில் சிலவற்றில் ஜெயித்து, சிலவற்றில் தோற்றார்கள். 2015ல் முப்பது ஆண்டுப் பழமையான வார்ஹாமர் கற்பனை உலகத்தையே கதையில் அழித்துவிட்டு, ஏஜ் ஆஃப் சிக்மர் என்ற புதிய விளையாட்டைக் கொண்டு வந்தார்கள். கோபத்தில் ஒருவர் தன் படையைக் கொளுத்தி வீடியோ போட்டார். ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பெயின்ட் பூசியவரின் கோபம் அது.

2015 ஜனவரியில் கெவின் ரவுன்ட்ரீ தலைமைப் பொறுப்புக்கு வந்தார். கணக்குத் துறையிலிருந்து வந்தவர். பெரிய புரட்சி எதையும் அறிவிக்கவில்லை. தனித்தனியாக வாங்குவதைவிட விலை குறைந்த தொடக்கத் தொகுப்புப் பெட்டிகள் வந்தன. 2016ல் வாடிக்கையாளரோடு தினமும் பேசும் இணையதளம் திறந்தது. விதிகளைப் பற்றி வந்த புகார்களுக்குப் பதில் சொன்னார்கள், திருத்தினார்கள். கடைகளின் பெயர்ப் பலகை 'கேம்ஸ் ஒர்க்‌ஷாப்' என்பதிலிருந்து 'வார்ஹாமர்' என்று மாறியது. 2017ல் வார்ஹாமர் 40,000இன் எட்டாம் பதிப்பு வந்தபோது அடிப்படை விதிகளைச் சில பக்கங்களுக்குச் சுருக்கி இலவசமாகவே கொடுத்தார்கள். ஒரு ஆள் கடை அப்படியே இருந்தது. ஆனால் அந்த ஆளின் கையில் இப்போது புதியவருக்குச் சொல்லிக் கொடுக்கச் சுலபமான விளையாட்டும், அம்மா தயங்காமல் வாங்கக்கூடிய பெட்டியும் இருந்தன. கடை நடத்திய முறை ஒன்றேதான், 2014ல் விழுந்ததும் 2017ல் எழுந்ததும் அதே கடைகள். இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

2016ல் 5 பவுண்டு சொச்சம் விற்ற பங்கு, 2020 இலையுதிர் காலத்தில் 100 பவுண்டைத் தாண்டியது. அந்த ஜூலையில் வந்த இன்டொமிட்டஸ் என்ற வார்ஹாமர் 40,000 பெட்டி, முன்பதிவு திறந்த நிமிடங்களிலேயே தீர்ந்துபோக, கேட்டவர்களுக்கெல்லாம் பிறகு செய்து கொடுப்பதாக ஆர்டர் எடுத்தார்கள். 2025ல் முடிந்த ஆண்டில், தன் கதை உலகைப் பயன்படுத்தப் பிறர் கொடுக்கும் உரிமக் கட்டணங்களையும் சேர்த்து வருமானம் 61 கோடி பவுண்டுக்கு மேல். வரிக்கு முந்தைய லாபம் 26 கோடி.

பிறர் கடைகள்

இந்தப் பணம் முழுவதும் சொந்தக் கடைகளில் வருவதில்லை. விற்பனையில் பாதிக்கு மேல் தனியார் விளையாட்டுக் கடைகள் வழியாகப் போகிறது. அவர்கள் மொத்த விலைக்கு எடுத்து, 15, 20 சதவீதம் குறைத்து விற்கிறார்கள். சொந்தக் கடையில் பெயின்ட் பூசக் கற்ற பையன் அடுத்த பெட்டியைத் தள்ளுபடிக் கடையில் வாங்குவான். இது சொந்தக் கடைக்கு நட்டமில்லையா என்று கேட்கலாம். பொம்மை எங்கே விற்றாலும் அச்சு நாட்டிங்ஹாமுடையது. தயாரிப்பாளரே கடைக்காரராக இருப்பதால்தான் தன் கடையை விளம்பரச் செலவு மாதிரி நடத்த முடிகிறது.

வேறொருவர் சரக்கை விற்கும் பொம்மைக்கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர் ரெயில் மாடலோ ரிமோட் காரோ ரூபிக் கனசதுரமோ விற்றாலும், அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்த பிறகு வாடிக்கையாளர் போனில் விலை பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம். அதனால் மேசையை மட்டும் காப்பியடித்தால் போதாது. திரும்பத் திரும்பத் தீரும் பொருள் ஏதாவது, அல்லது அந்தக் கடையில் மட்டுமே நடக்கும் வாராந்திர ஆட்டம், பழுது பார்க்கும் வேலை என்று ஏதாவது ஒன்று தன் கையில் இருக்க வேண்டும். ரிமோட் காருக்கு உதிரிபாகமும் பழுதுவேலையும்தான் அப்படி நம்பக்கூடியது. காரில் கிடைக்கும் மார்ஜினைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம் என்பது என் எண்ணம்.

கேம்ஸ் ஒர்க்‌ஷாப்புக்கும் இப்போது புதுக் கவலை இருக்கிறது. திரவப் பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக உறைய வைத்துப் பொம்மை செய்யும் ரெசின் பிரிண்டரின் விலை மளமளவென்று இறங்கிவிட்டது. அச்சில்லாமல் வீட்டிலேயே சிப்பாயை அடித்துக்கொள்ளலாம், நுணுக்கமும் கிட்டத்தட்ட அதே தரத்தில் வருகிறது. ஆனால் அடித்த பொம்மைக்கும் பெயின்ட் வேண்டும், ஆட எதிராளி வேண்டும். கம்பெனி தன் கடைகளிலும் போட்டிகளிலும் சொந்தத் தயாரிப்பு அல்லாத பொம்மையை அனுமதிப்பதில்லை. மறுபக்கம், விற்கிற வேகத்துக்குச் செய்து கொடுக்க முடியாமல் நாட்டிங்ஹாமில் நான்காவது தொழிற்சாலைக்கு வேலை தொடங்கியிருக்கிறார்கள். தேவை எவ்வளவு நாள் நிற்கும் என்று அவர்கள் போட்டிருக்கும் கணக்கு அந்தக் கட்டடத்தில் தெரிகிறது. 2004ல் போட்ட கணக்கு படம் பார்த்து வந்தவர்களை நம்பியது. இந்த முறை மேசையில் உட்கார்ந்தவர்களை நம்பியிருக்கிறது.